மூன்று முறை கேட்கும் கல்லூரி

என் தங்கை லினெட், லிண்ட்விக் கல்லூரியில் சேர்ந்ததற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தாள். அப்பாவிடம், "நாப்பது மைல்தான்பா, சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பால் கறந்து குடுத்துட்டுப் போவேன்" என்றாள். அம்மாவிடம், அங்கே தினமும் காலை பத்து மணிக்கு ஜெபக்கூட்டம் உண்டு என்றாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி ஊற்றும் பெண்களிடம், வெள்ளிக்கிழமைதோறும் ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் போடுகிறார்கள் என்றாள். என்னிடம், இசைக்குழுவில் வாசித்துக் காட்டச் சொல்லாமலே சேர்த்துக்கொள்கிறார்கள், பேரிடோன் என்ற தன் பித்தளை ஊதுகுழலுக்கு அங்கே இடம் இருக்கிறது என்றாள்.

நான்கையும் நான் பிய்த்துப் போட்டேன். மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தாலே அவளுக்குத் தும்மல் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவள் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. ருபார்ப் எங்கள் வீட்டுப் பின்னால் வெட்ட வெட்ட முளைத்துக் கிடந்தது, அதைத் தேடி நாற்பது மைல் போக வேண்டியதில்லை. பேரிடோனை அவள் நன்றாகவே வாசிப்பாள். எங்கே வாசித்துக் காட்டினாலும் எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்தாவதாக ஒரு காரணம் இருந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. கல்லூரியில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் சொல்லியிருந்தாள்.

லினெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். லினெட் டோலெஃப்சன், ஆர்விலுக்கும் ஆர்டிஸுக்கும் இரண்டாவது மகள், என்னைவிட இரண்டு வயது இளையவள். அகலமான தோள், பெரிய பாதம், சிரித்தால் ஈறு தெரியும். பள்ளியில் நடுத்தர மதிப்பெண். அழகு என்றும் சொல்ல முடியாது, கெட்டிக்காரி என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஆறு வயதிலேயே தீவன லாரி ஓட்டி வருகிறவரிடம், "உங்க வீட்டம்மாவுக்குப் பல்வலி போச்சா?" என்று கேட்பாள். அவர் குனிந்து நின்று பதில் சொல்வார். அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு ஏழு வருடம் வந்தார். என் பெயர் அவருக்குக் கடைசி வரை தெரியாது. "லினெட்டோட அக்கா" என்பார்.

மதிப்பெண் வாங்கியது நான். மாவட்டத்தில் இரண்டாவது வந்தவள் நான். கொண்டாடப்பட்டது அவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த வயதிலிருந்தே அவளைப் பார்த்தால் எனக்குக் காதில் புகை வரும். அதே சமயம் அவள் இல்லாத அறையில் எனக்கு இருக்கவும் பிடிக்காது. இரண்டும் உண்மை.

1981இல் நான் நகரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். நாற்பதாயிரம் மாணவர்கள். முதல் வேதியியல் வகுப்பில் என்னோடு இருந்தவர்களின் எண்ணிக்கை எங்கள் ஊர் மக்கள்தொகையைவிட அதிகம். இரண்டு வருடம் அங்கே நன்றாக இருக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் "மோசமில்ல" என்றால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். "நல்லா இருக்கேன்" என்று ஒருத்தி சொன்னால்தான் யோசிக்க வேண்டும். அம்மா யோசிக்கவில்லை.

இரண்டாம் வருடம் பிப்ரவரியில் எனக்குக் கடும் காய்ச்சல். எழுந்தால் அறை சுற்றியது. என் அறைத்தோழி கெயில் அன்று வாசலில் பையோடு நின்றாள், காதலன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "மூஞ்சி ஒரு மாதிரி இருக்கே. கடையிலேந்து ஏதாவது வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான். நான், "வேண்டாம், பரவாயில்ல" என்றேன்.

மின்னசோட்டா மாநிலத்தின் எங்கள் மூலையில், ஒருவர் ஒன்றைக் கொடுக்க வந்தால் உடனே கையை நீட்டுவது அசிங்கம். முதல் முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் முறை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை, அப்படியென்றால் கொஞ்சம் மட்டும் என்று வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்கிறவர்களும் மூன்று முறை கேட்டே தீர வேண்டும். மூன்றுக்கும் வேண்டாம் என்றால்தான் அது நிஜமான வேண்டாம், அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

கெயில் வேறு மாநிலத்துக்காரி. "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், இரண்டு வாரம் அறைக்குத் திரும்பவில்லை.

நான் அவள் இரண்டாவது முறை கேட்பதற்காகக் காத்துக்கொண்டு படுத்திருந்தேன். உப்பு பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீருமாக ஒன்பது நாள். நானூறு பேர் உட்காரும் வகுப்பில் என் நாற்காலி காலியாக இருந்ததை யார் பார்த்திருப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், லேசாக ஜலதோஷம் என்றேன். பத்தாம் நாள் எழுந்து குளித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மாதக் கடைசியில் லினெட் பேருந்தில் என்னைப் பார்க்க வந்தாள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டி, செப்டம்பரில் இங்கேயே வந்துவிடு என்று சொல்வதற்காக நான்தான் அழைத்திருந்தேன். என் இடுப்பில் பாவாடை நிற்காமல் நழுவியதைப் பார்த்து, "இது என்னடி கோலம், எலும்பும் தோலுமா?" என்று கேட்டாள். ஒன்பது நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்றேன். அப்போது கெயில் தலை சீவிக்கொண்டே திரும்பி, "உனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா? எப்போ? எனக்குத் தெரியவே தெரியாதே. கேட்டப்ப வேண்டாம்னுதான சொன்ன?" என்றாள்.

லினெட் என் பாவாடையை இழுத்து ஓர் ஊக்குக் குத்திவிட்டாள். அன்று முழுக்க நூலகம், விளையாட்டரங்கம், நீச்சல் குளம் என்று நான் இழுத்துச் சென்ற இடமெல்லாம் வந்தாள். "பெருசா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் நான் இரண்டு கட்டில் போட்ட ஒரு வீட்டை வாடகைக்குப் பேசி முடித்தேன். ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. மஞ்சள் பூப்போட்ட போர்வை வாங்கி அதன்மேல் விரித்து வைத்தேன். ஏப்ரலில் ஈஸ்டர் சாப்பாட்டு மேசையில், பன்றி இறைச்சியை அப்பா நறுக்கிக்கொண்டிருந்தபோது, "நான் லிண்ட்விக்ல சேந்துட்டேன்" என்றாள் லினெட்.

"மோசமில்ல" என்றார் அப்பா. அவர் அதற்கு மேல் யாரையும் புகழ்ந்ததில்லை. எனக்கு அது கிடைத்ததே இல்லை.

அந்த இலையுதிர்காலம் முழுக்க நான் வயிறெரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மா லிண்ட்விக் புராணம்தான் படிப்பாள். லினெட்டின் அறைத்தோழி ரோண்டா இப்படிச் சொன்னாள், சமையலறை ஆல்வினா அப்படிச் செய்தாள், கல்லூரித் தலைவரே லினெட்டை நிறுத்தி அப்பாவின் முழங்காலைப் பற்றி விசாரித்தார். அம்மா லிண்ட்விக் பெயர் போட்ட கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். என் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஒரு குவளைகூட எங்கள் வீட்டில் கிடையாது. இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட நகரத்துக்குக் கார் ஓட்டி வராத அப்பா, லிண்ட்விக் கால்பந்தாட்டத்துக்கு மூன்று முறை போயிருந்தார். லினெட் விளையாடக்கூட இல்லை. இடைவேளையில் குழல் ஊதினாள், அவ்வளவுதான்.

மஞ்சள் போர்வை போட்ட கட்டில் என் எதிரே காலியாகக் கிடந்தது. அக்டோபரில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஜனவரியில் என் பல்கலைக்கழகத்துக்கு மாறி வருவதற்கான விண்ணப்பத்தை அலுவலகத்தில் வாங்கி, லினெட்டின் பெயரையும் பிறந்த தேதியையும் நானே நிரப்பி, பையில் வைத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை பேருந்து ஏறினேன். அவளிடம் கையெழுத்து வாங்காமல் திரும்புவதில்லை என்பது என் கணக்கு.

லிண்ட்விக்கில் இறங்கியதும் பேருந்து நிலைய ஆள், "லினெட்டோட அக்காதானே?" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கல்லூரி என்றால் ஐந்து செங்கல் கட்டடம், ஒரு மணிக்கூண்டு, சோளக்காடு. கட்டடங்களுக்கு நடுவில் லினெட்டோடு நடந்த கால்மணி நேரத்தில் பதினோரு பேர் அவளை நிறுத்திப் பேசினார்கள். எண்ணினேன். ஒருவனிடம் அவன் தம்பியின் கை முறிவைப் பற்றி விசாரித்தாள், ஒரு பேராசிரியையிடம் அவர் வீட்டு நாயைப் பற்றி. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டினால் ஆல்வினா என்ற அந்தச் சமையல்காரி, "லினெட்டுக்குப் பட்டாணி ஆகாது" என்று தானாகவே அதை ஒதுக்கிவிட்டு வைத்தாள். குட்டையான பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், தலையில் வலை. என்னைப் பார்த்து, "உனக்குப் பட்டாணி ஆகும்ல?" என்றாள்.

"எனக்கு எல்லாமே ஆகும்" என்றேன்.

"அப்படிச் சொல்றவங்களத்தான் கவனிச்சுப் பாக்கணும்" என்று லினெட்டிடம் சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு எரிந்தது.

ஜெபக்கூடத்தில் அங்கே எல்லோருக்கும் இடம் குறித்திருக்கும். விருந்தாளிக்கும் சேர்த்து. மறுநாள் காலைக்கு என் பெயரை ஒரு அட்டையில் எழுதி, லினெட்டுக்கும் ரோண்டாவுக்கும் நடுவில் ஒட்டியிருப்பதாக லினெட் பெருமையாகச் சொன்னாள். யாருடைய இடமாவது காலியாக இருந்தால், பக்கத்து இருக்கைக்காரர்தான் மதியத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும், அது அவர்கள் வழக்கம்.

"சிறைச்சாலைல கூட இப்படித்தான் எண்ணுவாங்க" என்றேன்.

"அங்க சூப் குடுக்க மாட்டாங்க" என்றாள் லினெட்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடித்தது. தலைவலி என்று சொல்லி நான் லினெட்டின் கட்டிலிலேயே படுத்துவிட்டேன். தலைவலி ஒன்றும் இல்லை. என் தங்கையை எடுத்துக்கொண்டவர்களோடு உட்கார்ந்து பாட்டுப் பாட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். சுவரில் அவளும் ரோண்டாவும் இசைக்குழுவும் பல்லைக் காட்டி நிற்கும் படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முறைத்தேன். என் படம் ஒன்றுகூட இல்லை என்று முடிவுகட்டும்போது, கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்ததைப் பார்த்தேன். நானும் அவளும் தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் பழைய படம். அதையும் முறைத்தேன்.

பதினொன்றேகாலுக்குக் கதவு தட்டப்பட்டது. ரோண்டாவும், தலையில் கட்டிய வலையைக்கூடக் கழற்றாமல் ஆல்வினாவும் நின்றார்கள். ஆல்வினாவின் கையில் மூடி போட்ட ஒரு நீலக் கிண்ணம்.

"கோழி சூப்பு" என்றாள் ஆல்வினா. "காட்டரிசி போட்டது."

"வேண்டாங்க, பரவாயில்ல."

"கொஞ்சம் குடிச்சுப் பாரு."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? சமையல விட்டுட்டு வந்திருக்கீங்க."

"சமையல் எங்கயும் ஓடிப் போகாது. ஆறுறதுக்குள்ள ரெண்டு வாய்."

மூன்று. இரண்டு வருடத்தில் என்னை யாரும் மூன்றாவது முறை கேட்டதில்லை. கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன். "அப்படின்னா கொஞ்சம் மட்டும்" என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து நான் குடிப்பதைப் பார்த்தார்கள். பாதிக் கிண்ணம் போனதும் ஆல்வினா தலையை ஆட்டி, "இப்பப் பரவாயில்ல. ஒம்போது நாள் தனியாப் படுத்திருந்த பொண்ணு நீதான?" என்றாள்.

கரண்டி அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"லினெட்தான்" என்றாள் ரோண்டா, தப்பாக எதையும் சொல்லிவிட்டோம் என்று தெரியாமலே. "முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுல புதுசா வந்தவங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஏன் இங்க வந்தேன்னு ஒரு வரி சொல்லணும். நான் எங்கம்மா இங்க படிச்சாங்கன்னு சொன்னேன். லினெட், 'எங்கக்கா பெரிய காலேஜ்ல ஒம்போது நாள் காய்ச்சல்ல கிடந்தா, யாரும் ரெண்டாந்தடவ கேக்கல, அதனால வந்தேன்'னு சொன்னா. அப்புறம் ஒருத்தரும் சாப்பிடல."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பேருந்து நிலைய ஆள் முதல் கல்லூரித் தலைவர் வரை, லினெட்டின் அக்கா என்றால் எந்த அக்கா என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் தேடாத அக்கா.

லினெட் இசைக்கருவி அறையில் பேரிடோனை மடியில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டியா?"

அவள் என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "உன் பேரச் சொல்லல, ரெனே."

"உனக்கு எத்தன அக்கா இருக்காங்க, பேரு சொல்றதுக்கு? என் மானத்த வித்து நீ கூட்டம் சேத்துக்கிட்ட. அப்பாகிட்ட பாலு, அம்மாகிட்ட ஜெபம், என்கிட்ட இந்தக் குழல். நிஜத்த மட்டும் ஊரான்கிட்ட."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ அம்மாகிட்டயே லேசா ஜலதோஷம்ன."

"கெயில் என்ன பண்ணுவா பாவம். அவ ஒரு தடவதான் கேப்பா. அவங்க பழக்கம் அது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள் லினெட். துணியை மடித்து வைத்தாள். "நானும் உன்ன மாதிரிதான்டி. எனக்கும் வேண்டாம்னுதான் வாயில வரும். செத்துக்கிட்டு இருந்தாலும் வேண்டாம், பரவாயில்லம்பேன். என்னை மூணு தடவ கேக்கற இடத்துலதான் நான் இருக்க முடியும். அங்க வந்தா நானும் ஒரு கட்டில்ல, நீயும் ஒரு கட்டில்ல, யாரும் கேக்காம கிடப்போம்."

"நான் உன்னக் கேப்பேன்ல?"

"கேப்ப. உன்ன யாரு கேப்பா?"

"நீ."

"அதுதான் பயமா இருந்துச்சு" என்றாள். "உனக்கு நான் ஒருத்திதான்னு ஆயிடும். உன்ன நான் ஒருத்தியாத் தாங்க முடியாது, ரெனே. எனக்குப் பதினெட்டு வயசு."

இவ்வளவு நேரான பேச்சு எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பேசியதில்லை. நான் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்தேன். மடிப்பு மடிப்பாக இருந்தது.

"ஜனவரியில வந்துடு. ஜன்னலோரம் உன் கட்டில்."

"வேண்டாம், ரெனே."

"போர்வைகூட வாங்கி வச்சிருக்கேன்."

"வேண்டாம்."

மூன்றாவது முறை கேட்காமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அது முடியாத பேச்சாகவே இருந்திருக்கும், எப்போதாவது தொடரலாம் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் வளர்ப்பு அப்படி. "வந்துடேன்" என்றேன்.

அவள் அழுதுகொண்டே, "வேண்டாம்" என்றாள்.

அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை.

அறைக்குத் திரும்பி என் துணிகளைப் பையில் திணித்தேன். மேசைமேல் அந்த நீலக் கிண்ணம் இருந்தது. ஆறிப்போன மீதியைக் குடித்துவிட்டு அதைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எல்லாப் பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுப்பட்டை இருக்கும், அதில் வீட்டுக்காரியின் பெயர் இருக்கும். விருந்துக்கும் சாவுக்கும் பாத்திரங்கள் வீடு வீடாகப் போய் வரும், பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுவும் வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. கிண்ணத்தின் அடியில் நீல மையில் 'ஆல்வினா' என்று இருந்தது. கல்லூரிப் பாத்திரம் இல்லை, அவள் வீட்டுக் கிண்ணம்.

அதை என் கம்பளிச் சட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். எங்கள் ஊரில் ஒருத்தி செய்யக்கூடிய மட்டமான காரியங்களில் அது ஒன்று. அவர்கள் என் தங்கையை எடுத்துக்கொண்டார்கள், நான் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு நகரம் வரும்வரை அழுதேன்.

எட்டாம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. "ரெனே, என் கிண்ணம் உன்னோடு வந்துவிட்டதா? அவசரம் இல்லை. தலைவலி எப்படி இருக்கிறது? ஆல்வினா." நான் பதில் போடவில்லை. நவம்பரில் இன்னொன்று: "கிண்ணத்துக்காக எழுதவில்லை. குளிர் அதிகம், தொப்பி போட்டுக்கொள்." கிறிஸ்துமஸுக்கு மூன்றாவது. மூன்றுக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. முறைப்படி அதோடு நின்றிருக்க வேண்டும். ஜனவரியில் நான்காவது வந்தது. ஆல்வினா எங்கள் பக்கத்துக்காரிதான், எண்ணிக்கையில்தான் ஏதோ கோளாறு.

நான்காவது அட்டைக்குப் பதில் போட்டேன். கிண்ணம் பத்திரமாக இருக்கிறது என்றும், எனக்கு இந்த வாரம் லேசாக இருமல் என்றும் எழுதினேன். இருமல் இல்லை, சும்மா எழுதினேன். ஒரு வாரத்தில் தகரப் பெட்டி நிறைய பேரீச்சம்பழ இனிப்புத் துண்டுகள் வந்தன. நாற்பதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து அத்தனையையும் நானே தின்றேன்.

கிண்ணத்தைத் திருப்பித் தரவே இல்லை. வெறுமையாகக் கொடுக்கக் கூடாதே, நிரப்பிக் கொடுக்க ஏற்றது ஏதும் அமையவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அது என்னிடம் இருக்கும்வரை என்னைக் கேட்க ஒருத்தி இருந்தாள்.

லினெட் நான்கு வருடம் லிண்ட்விக்கில் படித்தாள், அங்கேயே பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்லூரியின் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் டேல் என்பவரை மணந்தாள், இரண்டு மகன்களைப் பெற்றாள். முப்பது வருடத்துக்கு மேல் ஜெபக்கூடத்தில் யார் இடம் காலி என்று பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு வருடமும் சேரும் நூறு பிள்ளைகளின் பெயரும் முதல் வாரத்திலேயே அவளுக்குப் பாடம். ஊர் இசைக்குழுவில் இன்னும் பேரிடோன் ஊதுகிறாள். பேருந்து நிலையத்தில் நான் இறங்கினால், ஆள் மாறியும், "லினெட்டோட அக்காதானே?" என்றுதான் கேட்கிறார்கள். நான் நகரத்திலேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தேன். அவள்மேல் எனக்குப் பொறாமை தீர்ந்தது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

ஆல்வினா எழுபத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தாள். பனிப்புயலில் சாலை அடைத்துவிட்டதால் அடக்கத்துக்கு நான் போக முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் லினெட் என் வீட்டுக்கு வந்தாள். அன்று தேவாலயக் கீழ்த்தளத்தில் இருநூறு பேர் சாப்பிட்டதையும், மூன்று வகை உருளைக்கிழங்கு சாலட் வந்ததையும் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தவள் அலமாரியைப் பார்த்து நிறுத்தினாள். நீலக் கிண்ணம் அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் காலணிப் பெட்டி நிறையத் தபால் அட்டைகள்.

இருபத்தேழு வருட அட்டைகள். அவள் பெட்டியை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். முழங்கால் வலி, தொப்பி, புது மேலாளர் எப்படி, இருமல் போயிற்றா. நான் அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

"எனக்கு ஒரு வரி எழுதினதில்ல" என்றாள்.

"நீதான் தினம் பாத்துக்கிட்டு இருந்தியே."

"தினம் பாத்தா எழுதக் கூடாதா? அவ கையால நாலு வருஷம் சாப்பிட்டேன், பக்கத்துலயே இருபத்தேழு வருஷம் இருந்தேன். அவ ஞாபகமா என்கிட்ட ஒரு கரண்டி இல்ல. உனக்குப் பெட்டி நிறைய."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வயதிலிருந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிற குரல். அது அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் முதலில் வந்தது.

"இந்தக் கிண்ணத்த நான் எடுத்துட்டுப் போகட்டா?" என்றாள்.

"தர மாட்டேன்."

"அட்டையெல்லாம் நீயே வச்சுக்கோ. கிண்ணம் மட்டும்."

"தர மாட்டேன், லினெட்."

அவள் கையிலிருந்த அட்டையைப் பெட்டிக்குள் செருகினாள். பிறகு, "குடேன்" என்றாள்.

"மாட்டேன்."

அவள் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். நான் சூப் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சூடாக இருக்கிறது என்றேன். உனக்கு எதற்குச் சிரமம் என்றாள். காட்டரிசி போட்டது என்றேன். அப்படியென்றால் கொஞ்சம் மட்டும் என்றாள்.

ஆல்வினாவின் கிண்ணத்தில்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை நான் அந்தக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.